வீட்டு வைஃபையைத் தோப்பு மோட்டார் அறைக்குக் கொண்டுபோவது எப்படி?

வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி, தென்னந்தோப்பின் நடுவில் மோட்டார் அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கேமரா வைக்க வேண்டும். இரவுக் காவலுக்குப் படுப்பவர் வீட்டோடு பேச வேண்டும். தேங்காய் வெட்டும் நாளில் எண்ணிக்கையை வியாபாரிக்கு உடனே அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் இணையம் வேகமாகத்தான் வருகிறது. வாசலைத் தாண்டி வரப்பில் இறங்கினால் போய்விடுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, இருக்கிற ரவுட்டரைக் கழற்றிவிட்டு, ஆண்டெனா கூடுதலாக உள்ள பெரிய ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டுவது. அந்தச் செலவு பெரும்பாலும் வீண்தான்.

இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மோட்டார் அறை வரை இணையத்தைக் கொண்டுசேர்ப்பது முதல் வேலை. அங்கே வந்துசேர்ந்ததைச் சுற்றுப்புறத்தில் வைஃபையாகப் பரப்புவது இரண்டாவது வேலை. இரண்டுக்கும் கருவி வேறு, வைக்க வேண்டிய இடமும் வேறு. ஒரே பெட்டி இரண்டையும் செய்துவிடும் என்று நம்பும்போதுதான் பணமும் பொழுதும் கரைகின்றன. இதைப் புரிந்துகொண்டவர்கள், கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களாக இருந்தாலும், தாங்களே செய்து முடித்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் தேவை மோட்டாரை வீட்டிலிருந்தபடி போடுவதும் நிறுத்துவதும் மட்டும்தானா? அப்படியானால் வைஃபை வேண்டியதில்லை. சிம் கார்டு போடும் மொபைல் ஸ்டார்ட்டர் போதும்; மிகக் குறைந்த சிக்னலிலும் அது வேலை செய்யும். கேமரா, வீடியோ அழைப்பு, கணினி என்று வரும்போதுதான் கீழே சொல்வது தேவைப்படும்.

முதலில் நடந்து பாருங்கள்

சிக்னலின் அளவை எண்ணாகக் காட்டும் வைஃபை செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசமாகவே பல கிடைக்கின்றன. அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு வரும். ரவுட்டருக்குப் பக்கத்தில் மைனஸ் 35, 40 என்று காட்டும். மைனஸ் 65 வரை எல்லாம் நன்றாக நடக்கும். மைனஸ் 75ஐத் தாண்டினால் வீடியோ திக்கும். மைனஸ் 85க்குப் போனால், வைஃபை சின்னம் தெரிந்தாலும் ஒன்றும் நடக்காது.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து மோட்டார் அறை வரை நடங்கள். எந்த இடத்தில் சிக்னல் சட்டென்று விழுகிறது என்று கவனியுங்கள். கூடத்துச் சுவரைத் தாண்டியதுமா? மாட்டுக் கொட்டகையின் தகரத்தைத் தாண்டியதுமா? மரங்களுக்குள் நுழைந்ததுமா? செங்கல் சுவர் கொஞ்சம் தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் அதிகம் தடுக்கும். தகரம் ஏறத்தாழ முழுவதையும் தடுத்துவிடும். ஈரமான இலைகளும் லேசான தடையல்ல.

தொலைவையும் அளந்துகொள்ளுங்கள். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் நேர்கோட்டுத் தொலைவு வந்துவிடும். கேபிள் போடுவதாக இருந்தால் அது போதாது. வரப்பு வழியாகச் சுற்றிப் போகும் தூரத்தைக் கயிறு பிடித்து அளக்க வேண்டும். மோட்டார் அறை 40 மீட்டருக்குள் இருந்து, நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்கிறது என்றால், ரவுட்டரை அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றி உயரமாக வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

பெரிய ரவுட்டர் ஏன் உதவாது?

வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் சொல்வது கைப்பேசிக்குக் கேட்டால் மட்டும் போதாது. கைப்பேசி சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். ரவுட்டரின் சக்தியைக் கூட்டினால் அதன் குரல் மட்டும்தான் தூரம் போகும். கைப்பேசிக்குள் இருப்பதோ விரலளவு ஆண்டெனா. மின்கலத்தை மிச்சப்படுத்த அது மெல்லத்தான் பேசும். அதனால்தான் தோப்பில் நின்று பார்த்தால் சிக்னல் கோடுகள் தெரிகின்றன, பக்கம் மட்டும் திறப்பதில்லை.

பாதி வழியில் ரிப்பீட்டர் வைப்பதும் நல்ல தீர்வல்ல. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புகிறது. அதனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும், அதற்கு நடுத்தோப்பில் மின்சாரம் வேண்டும், மழைக்கு மறைப்பும் வேண்டும். மெஷ் வைஃபை என்று விற்கப்படும் மூன்று பெட்டித் தொகுப்பு மாடி வீட்டுக்கு அருமையானது. 200 மீட்டர் தோப்புக்கு அது செய்யப்பட்டதல்ல. வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் இங்கே கைகொடுக்காது. வீட்டு மின் இணைப்பும் பம்புசெட் இணைப்பும் வெவ்வேறு மீட்டர், வெவ்வேறு வயரிங்.

கம்பியா, ஃபைபரா, காற்று வழியா?

இணையத்தைக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சாதாரண லேன் கேபிள். இதன் எல்லை 100 மீட்டர். 110 மீட்டரிலும் சில நேரம் ஓடும். ஆனால் என்றைக்குக் கைவிடும் என்று சொல்ல முடியாது. கேட்-6 கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியதும் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. நீண்ட தூரத்துக்கு, அதுவும் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்புவதாக இருந்தால், அது ஆகாது. வெளிப்புறத்துக்கென்று செய்த கறுப்பு உறைக் கேபிளாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை இரண்டு கோடை வெயிலில் உரிந்துவிடும்.

லேன் கேபிளின் பெரிய குறை தூரம் அல்ல, இடி. கம்பி நேராக விழுந்த இடியை மட்டுமல்ல, பக்கத்தில் விழுந்த இடியின் தாக்கத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் இருக்கும்போது, அவற்றுக்கு இடையே ஏற்படும் மின்னழுத்த வேறுபாடும் அந்தக் கேபிள் வழியாகவே பாய்ந்து, இரு பக்கமும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடும். ஆகவே 30, 40 மீட்டருக்குள் இருக்கும் கொட்டகைக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். அப்போதும் இரு முனையிலும், திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் போட வேண்டும்.

இரண்டாவது, ஃபைபர். நிலம் முழுவதும் உங்களுடையது, பள்ளம் தோண்ட ஆளும் இருக்கிறது என்றால் இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அதன் வழியாக இடியின் தாக்கம் வீட்டுக்குள் வராது. மரம் வளர்ந்தாலும் மழை பெய்தாலும் வேகம் மாறாது. 200 மீட்டர் என்பது ஃபைபருக்கு ஒரு தூரமே அல்ல. இணைய நிறுவனங்கள் வீடு வீடாக இழுக்கும் அதே டிராப் கேபிள்தான் இதற்கும். இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியே விற்கிறார்கள். இல்லையென்றால், ஊரில் ஃபைபர் இணைப்புத் தரும் பணியாளரிடம் சொன்னால் வந்து பொருத்தித் தருவார்.

ஃபைபரின் இரு முனையிலும், லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேன் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். ஒரே இழையில் போகவும் வரவும் ஓடும் வகையை வாங்கினால், ஒரு பெட்டி 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும். மற்றது இதற்கு நேர்மாறு. அவற்றை ஏ, பி என்று குறித்திருப்பார்கள். ஏ ஒன்று, பி ஒன்று என ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் விளக்கே எரியாது. கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை நிறக் கனெக்டரின் முகம் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல நிறத்தின் முகம் அப்படிச் சாய்ந்திருக்காது. கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் நீலம்தான். பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போய்விடும், ஒளிதான் வீணாகும், முகமும் கீறும். இழையை உள்ளங்கை அகலத்துக்குக் குறைவாக மடக்காதீர்கள். இயங்கும் கன்வெர்ட்டரோடு இணைந்த இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஊறு செய்யக்கூடியது.

பலர் கேட்கும் கேள்வி ஒன்று: வீட்டுக்கு வரும் ஃபைபரையே ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துத் தோப்புக்கு இழுக்கலாமா? முடியாது. நிறுவனம் தன் பதிவில் உள்ள பெட்டியை மட்டுமே ஏற்கும். பிரிப்பதால் உங்கள் வீட்டுக்கு வரும் ஒளியும் குறையும். வீட்டு ரவுட்டரின் லேன் துளையிலிருந்து தனி இணைப்பாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

பள்ளம் இரண்டடி ஆழமாவது இருக்கட்டும். ரோட்டவேட்டர் ஓடும் நிலம், தென்னைக்குப் பாத்தி கொத்தும் இடம் என்றால் இன்னும் கொஞ்சம் ஆழம் நல்லது. கேபிளை வெறுமனே புதைக்காமல் பைப்புக்குள் விடுங்கள். எலிகளுக்கு அது தடை, நாளை கேபிளை மாற்றுவதும் எளிது. பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்தே விட்டுவைத்தால், அடுத்த முறை எதையும் தோண்டாமல் இழுக்கலாம். பம்புசெட் மின்கம்பியும் அதே பள்ளத்தில் போகிறதென்றால் ஓரடி இடைவெளி விடுங்கள். தலைக்கு மேலே இழுத்துக் கட்டும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். கட்டடத்துக்குள் நுழையும் முன் அந்தக் கம்பியைப் பிரித்து வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால், ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும்.

மூன்றாவது, காற்று வழி. நடுவில் வாய்க்கால், வண்டிப்பாதை, பங்காளி நிலம் என்று எதுவாவது இருந்து தோண்ட முடியாத நிலையில் இதுதான் வழி. ஒரு நாளில் முடித்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானோர் தேர்வு செய்வதும், பாதியில் கைவிடுவதும் இதைத்தான்.

காற்று வழி இணைப்புக்குப் பார்வைக்கோடு

இதற்கான கருவியைக் கடைகளில் சிபிஇ அல்லது வயர்லெஸ் பிரிட்ஜ் என்பார்கள். டிபி-லிங்க் சிபிஇ510, யுபிக்விட்டியின் நானோஸ்டேஷன் லோகோ வகைகள், மைக்ரோடிக்கின் எஸ்எக்ஸ்டி வகைகள் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. மழை வெயில் தாங்கும் வெள்ளை நிறப் பெட்டி, கம்பத்தில் கட்டுவது. வீட்டு ரவுட்டர் எல்லாத் திசையிலும் சக்தியை இறைக்கிறது. இதுவோ ஒரே திசையில் குவித்து அனுப்புகிறது; அந்தத் திசையிலிருந்து வருவதையும் கூர்மையாகக் கேட்கிறது. இரு பக்கமும் இப்படி ஒன்று வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக வாங்குங்கள். தொல்லை பாதி குறையும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 200 மீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியில் இழப்பது சுமார் 94 டெசிபெல். கருவி அனுப்பும் சக்தி 20 டிபிஎம், அனுப்பும் ஆண்டெனா குவிப்பதால் கிடைப்பது 13, வாங்கும் ஆண்டெனாவால் இன்னொரு 13. மொத்தம் 46. அதில் 94ஐக் கழித்தால் மைனஸ் 48. அதாவது நடுவில் எதுவும் இல்லை என்றால், 200 மீட்டருக்கு அப்பால் உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைப்பது போன்ற சிக்னல் கிடைக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மாட்டி முடித்தபின் மைனஸ் 70 என்று வந்தால் குறை கருவியில் இல்லை. நடுவில் ஏதோ மறைக்கிறது, அல்லது திசை தவறியிருக்கிறது.

நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று அறிய இரவு நேரம் நல்லது. ஒருவர் மோட்டார் அறையின் மேல், கருவி வரப்போகும் இடத்தில் டார்ச்சைப் பிடிக்கட்டும். நீங்கள் வீட்டு மொட்டைமாடியில் கருவி வரப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். வெளிச்சம் அசையாமல் தெரிந்தால் பாதி வெற்றி. மின்னி மின்னித் தெரிந்தால் மட்டை ஆடுகிறது என்று பொருள்.

வெளிச்சம் தெரிந்துவிட்டாலே போதும் என்று எண்ண வேண்டாம். வானொலி அலை நூல் பிடித்தது போன்ற கோடாகப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் ஓர் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. இதை ஃப்ரெனெல் மண்டலம் என்கிறார்கள். 200 மீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியின் ஆரம் சுமார் 1.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 2.5 மீட்டர். இதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். எனவே 5 கிகாஹெர்ட்ஸ் கருவிக்குப் பார்வைக்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் வெற்றிடம் வேண்டும். கீழே நிலமும் ஒரு தடைதான். மோட்டார் அறை வாசலில் இடுப்புயரத்தில் கருவியை மாட்டுபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

தோப்புக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வளர்ந்த தென்னையில் மட்டைகள் எல்லாம் உச்சியில் இருக்கும்; கீழே வெறும் தண்டுதான். தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டு நடுவது வழக்கம். ஆகவே இரண்டு வரிசைகளுக்கு நடுவே, மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் அலையை விட்டால், அது மட்டைகளுக்குக் கீழே தடையின்றிப் போய்விடும். மொட்டைமாடியின் உச்சியில் ஏற்றினால்தான் நல்லது என்ற எண்ணம் இங்கே தவறாகிவிடுகிறது. மேலே ஏற்ற ஏற்ற மட்டைகளுக்குள்தான் கொண்டுபோய் விடுவீர்கள். வரிசைக்குக் குறுக்கே போக வேண்டியிருந்தால், மோட்டார் அறைச் சுவரில் கருவியைச் சில அடி இப்படி அப்படி நகர்த்தி, தண்டுகள் விலகிய இடைவெளியைத் தேடுங்கள். ஒரு மூலையில் கிடைக்காதது இன்னொரு மூலையில் கிடைத்துவிடும்.

தென்னம்பிள்ளைகள் நிற்கும் தோப்பில் இது நடக்காது. மட்டைகள் தரைவரை விரிந்திருக்கும். அங்கே அவற்றுக்கு மேலே போக வேண்டும், பிள்ளைகள் வளர வளரக் கம்பத்தையும் உயர்த்த வேண்டும். நடுவில் வயல் இருந்தால் இப்போது என்ன பயிர் என்று மட்டும் பார்க்காதீர்கள். நிலக்கடலை இருந்தபோது மாட்டிய இணைப்பு, அடுத்து கரும்பு போட்டு அது ஆளுயரம் தாண்டியதும் மெல்ல மெல்லச் செத்துப்போகும். பக்கத்து நிலத்துக்காரர் வாழை வைக்கப்போகிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மரங்களைத் தவிர்க்கவே முடியவில்லை, இலைகளைத் துளைத்தே போக வேண்டும் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி சற்று மேல். குறைந்த அதிர்வெண் அலை இலைகளில் குறைவாகவே இழக்கும். ஆனாலும் மழை பெய்து மட்டைகள் நனைந்ததும் அதுவும் தடுமாறும். அப்படிப்பட்ட இடத்தில் ஃபைபருக்குப் பணம் சேர்ப்பதே அறிவுடைமை என்பேன்.

கம்பத்தில் ஏற்றும் முன் மேசையில் முடியுங்கள்

ஏணியில் நின்றபடி கடவுச்சொல் அடிப்பது கொடுமை. இரண்டு கருவிகளையும் மேசைமேல் வைத்து எல்லா அமைப்புகளையும் முடித்து, ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

முதலில் மின்சாரம். இந்தக் கருவிகளுக்குத் தனி மின்கம்பி கிடையாது. லேன் கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும். கூட வரும் சிறு அடாப்டரில் இரண்டு துளைகள் இருக்கும். லேன் என்று எழுதியது ரவுட்டருக்கு, பிஓஇ (லேன் கேபிள் வழி மின்சாரம்) என்று எழுதியது கருவிக்கு. மாற்றிச் செருகினால் ரவுட்டரின் துளைக்கு மின்சாரம் பாய்ந்து கெடுத்துவிடலாம். சிபிஇ510 போன்றவை 24 வோல்ட் வகை. கேமராக்களுக்குப் பயன்படும் 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்சும் இதுவும் ஒன்றல்ல. கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

இரண்டு கருவிகளும் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஐபி முகவரியோடு, அதாவது வலையில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணோடு வரும். டிபி-லிங்க் சிபிஇ வகையில் அது 192.168.0.254. எனவே ஒவ்வொன்றாகத்தான் அமைக்க வேண்டும். மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.0.10 என்று முகவரி கொடுத்து, உலாவியில் கருவியின் முகவரியை அடித்தால் அதன் பக்கம் திறக்கும். வீட்டுப் பக்கக் கருவியை, இணைப்பை வழங்கும் ஆக்சஸ் பாயின்ட் முறையிலும், தோப்புப் பக்கக் கருவியை, அதோடு சேரும் கிளையன்ட் முறையிலும் வையுங்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால், வீட்டுக் கருவிக்கு 192.168.1.2, தோப்புக் கருவிக்கு 192.168.1.3 என்று நிலையான முகவரி கொடுங்கள். ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் பட்டியலிலிருந்து இந்த எண்களை விலக்கிவிடுங்கள். இல்லையென்றால், என்றைக்காவது விருந்தாளியின் கைப்பேசிக்கு அதே எண் போய் இணைப்பு முடங்கும், காரணமும் புரியாது.

நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வு செய்யுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018ஆம் ஆண்டு முதல் இங்கே உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடியது. ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு. நாட்டைச் சரியாகக் குறித்தால் கருவி அந்த வரம்புக்குள் நடந்துகொள்ளும். சேனல் 149 முதல் 161 வரை ஏதாவது ஒன்றை நீங்களே குறியுங்கள். இடைப்பட்ட 52 முதல் 144 வரையான சேனல்களில், ரேடார் இருக்கிறதா என்று கருவி கேட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும் என்ற விதிமுறை உண்டு. அதனால் இணைப்பு சில நேரம் திடீரென்று நின்று வரும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் எடுக்கும். நான்கைந்து கேமராவுக்கும் வீடியோ அழைப்புக்கும் சேர்த்தே இது தாராளம். டபிள்யுபிஏ2 பாதுகாப்போடு நீளமான கடவுச்சொல் வையுங்கள். கருவிக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மறக்காமல் மாற்றுங்கள்.

மேசையில் சோதிக்கும்போது சக்தியைக் குறைத்து வையுங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் முழுச் சக்தியோடு பேசினால் இரண்டும் ஒன்றையொன்று செவிடாக்கிக்கொள்ளும். அமைப்பு தவறோ என்று நீங்கள் குழம்புவீர்கள். வீட்டுக் கருவியின் அடாப்டரை ரவுட்டரோடு இணைத்து, மடிக்கணினிக்குக் கொடுத்த தற்காலிக முகவரியை நீக்கிவிட்டு, தோப்புக் கருவியின் அடாப்டரில் மடிக்கணினியைச் செருகி, இணையப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் ஏணியை எடுக்கலாம்.

மாட்டுவதும் திருப்புவதும்

ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பைச் சுவரில் கிளாம்ப் போட்டு ஆடாமல் நிறுத்துங்கள். மூங்கிலிலும் மரத்திலும் கட்ட வேண்டாம். ஆடியில் காற்று அடிக்கும்போது இணைப்பும் சேர்ந்து ஆடும். இரண்டு கருவிகளும் நேராக நிற்க வேண்டும். ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் கட்ட வேண்டாம். மின்வாரியக் கம்பிக்கு அருகில் பைப்பைத் தூக்கி நிறுத்தாதீர்கள். பைப் சாய்ந்து கம்பியில் பட்டால் உயிர் போகும்.

சிபிஇ510இன் பார்வை கிடைமட்டத்தில் 45 பாகை, செங்குத்தில் 30 பாகை. எனவே இடவலத் திசை கொஞ்சம் தவறினாலும் பேசும். மேல்கீழ்ச் சாய்வில்தான் கவனம் வேண்டும். ஒருவர் கருவியின் பக்கத்தில் சிக்னல் எண்ணைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் விரலகலம் விரலகலமாகத் திருப்பட்டும். உச்ச எண்ணைக் கண்டதும் நிறுத்திவிடாமல் கொஞ்சம் தாண்டிப் போய்ப் பாருங்கள்; பக்கவாட்டில் சிறு உச்சங்களும் வரும், அவற்றில் சிக்கிவிடக் கூடாது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் இப்படியே செய்யுங்கள். மைனஸ் 45 முதல் 60 வரை கிடைத்தால் போல்ட்டை முறுக்கிவிடலாம். மைனஸ் 40ஐவிட வலுவாக வந்தால் சக்தியைக் குறையுங்கள்.

கேபிள் கருவியின் அடிப்பக்கத்தில் நுழைகிறது. அங்கே உள்ள மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் மழைநீருக்கு முன்பே எறும்பு குடியேறிவிடும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விடுங்கள். வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், அறைக்குள் வராது.

மோட்டார் அறையின் மின்சாரம்

இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான இணைப்புகள் சாவது இங்கேதான். பம்புசெட்டுக்கு வரும் மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் இருப்பதில்லை. இருக்கும்போதும் ஒரு முனையையும் நியூட்ரலையும் எடுத்து அடாப்டருக்குக் கொடுத்தால், நியூட்ரல் எங்கோ தளர்ந்த நாளில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வந்து அடாப்டரை எரித்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்சிபி, உயர் மின்னழுத்தத் தடுப்பு இரண்டையும் போடச் சொல்லுங்கள். விவசாய மின் இணைப்பிலிருந்து வேறு கருவிகளுக்கு எடுக்கலாமா என்பதை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

என் முதல் பரிந்துரை, சிறு சூரிய மின் அமைப்பு. கருவி, வைஃபை பெட்டி, ஒரு கேமரா மூன்றும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுக்கும் என்று வைத்தால், 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. 12 வோல்ட்டில் இது 30 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்பதால், ஒரு நாளைக்கே 60 வேண்டும். ஒரு முழு மேகமூட்ட நாளையும் தாங்க 120. பேனல் 150 வாட் இருந்தால் வெயில் நாட்களில் நிறைந்துவிடும். பேனலைத் தென்னை நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டை நிழல் விழுந்தாலே உற்பத்தி பெரிதும் குறைந்துவிடும். தேங்காய் விழும் இடமாகவும் இருக்கக் கூடாது.

இடியைப் பொறுத்தவரை முழுப் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது, இழப்பைக் குறைக்கலாம். கருவி பொருத்திய பைப் கட்டடத்தின் மிக உயரமான பொருளாக இருக்கக் கூடாது. பைப்பைத் தடிமனான கம்பியால் எர்த் செய்யுங்கள். கருவியிலிருந்து இறங்கும் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் லேன் சர்ஜ் தடுப்பான் போட்டு அதையும் எர்த்தில் சேருங்கள். எர்த் இல்லாத தடுப்பான் வெறும் பெட்டிதான். கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் வானம் கறுத்து முழங்கத் தொடங்கினால், வீட்டுப் பக்க அடாப்டரை மின்சாரத்திலிருந்தும், கேபிளை ரவுட்டரிலிருந்தும் கழற்றிவிடுங்கள். முழக்கம் நெருங்கிவிட்டால் கழற்றவும் போக வேண்டாம். ஆளைவிடக் கருவி பெரிதல்ல.

அங்கே வைஃபை பரப்புவது

இனி இரண்டாவது வேலை. இது எளிது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதன் பக்கத்துக்குள் நுழைந்து, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை நிறுத்துங்கள். அந்த வேலையை வீட்டு ரவுட்டரே செய்யும். அதற்கு 192.168.1.4 என்று முகவரி கொடுங்கள். தோப்புக் கருவியின் அடாப்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும், வெளி இணையத்துக்கான வேன் (WAN) துளையில் அல்ல. அதில் செருகினால் இணையம் வரும், ஆனால் வீட்டிலிருந்து கேமராவை எட்ட முடியாமல் போகலாம். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டில் உள்ளபடியே வைத்தால், கைப்பேசி தானாகவே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில், வீட்டில் இல்லாத ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். வைஃபை கேமராக்களில் பல 2.4இல் மட்டுமே இயங்கும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டாம். அறைக்குத் தகரக் கூரையும் இரும்புக் கதவும் இருந்தால், வைஃபை வெளியே வராது. அப்போது வெளிச்சுவரில் மாட்டும் மழை தாங்கும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றுதான் சரி.

முடித்த பிறகு தோப்பில் உட்கார்ந்து வீட்டு ரவுட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிடுங்கள். பதில் சில மில்லிசெகண்டில், இடையில் விடுபடாமல் வர வேண்டும். காலையில் ஒருமுறை, காற்றடிக்கும் பிற்பகலில் ஒருமுறை, நல்ல மழை பெய்து ஓய்ந்தவுடன் ஒருமுறை பாருங்கள். மூன்றிலும் நின்றால் இணைப்பு நிலைத்துவிட்டது. மழைக்குப் பின் மட்டும் சரிந்தால், எந்த மட்டை குறுக்கே இருக்கிறது என்று தேடி, மரம் ஏறுபவர் அடுத்த முறை வரும்போது கழிக்கச் சொல்லுங்கள். முகவரிகள், சேனல், கடவுச்சொற்கள், நல்ல நாளில் கிடைத்த சிக்னல் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு வேகம் குறைகிறது என்று தோன்றும்போது, முதலில் அந்தச் சிக்னல் எண்ணை இப்போதைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் அதேதான் என்றால் காற்று வழியில் குறையில்லை. வீட்டு இணைய இணைப்பையும் ரவுட்டரையும் சோதியுங்கள். எண் விழுந்திருந்தால் நடுவில் ஏதோ வளர்ந்திருக்கிறது, அல்லது கம்பம் திரும்பியிருக்கிறது.